பெரிய வண்டியோட பின் ஷாக் மாட்டினேன்: ரெண்டு பேர் போனா சொகுசு, தனியா போனா தூக்கி அடிக்குது

மண்சாலை எழுதியது:

வணக்கம். என் பைக்ல ரெண்டு பேர் ஏறினா பழைய மோனோஷாக் (பின்னாடி இருக்கிற ஒத்தை ஷாக் அப்சார்பர்) அடிவரைக்கும் போய் ‘டொக்’னு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. 52,000 கிலோமீட்டர் ஓடினது, எண்ணெய்க் கசிவு வேற. அப்பத்தான் விபத்துல அடிபட்டு உடைப்புக்கு வந்த பெரிய வண்டி ஒண்ணோட ஷாக் கைக்குக் கிடைச்சுது. ரீபவுண்ட் திருகு (அமுங்கின ஷாக் திரும்ப நீளற வேகத்தை மாத்துறது) எல்லாம் வச்ச சாமான், பார்க்கவே கம்பீரம். ஆசை விடல.

கண்ணுக்குக் கண் (மேல் போல்ட் ஓட்டையில இருந்து கீழ் ஓட்டை வரைக்கும்) பழசு 310 மி.மீ., இது 318. ஷாஃப்ட் போய்வர்ற தூரம் ரெண்டுலயும் 50தான். கீழ்க் கண்ணுல புஷ் ஓட்டை 12, என் போல்ட் 10. லேத்துல ஸ்லீவ் கடைஞ்சு போட்டு மாட்டிட்டேன்.

தம்பி பின்னாடி உக்காந்தா அவ்வளவு சொகுசு. தனியா போனா ஒவ்வொரு வேகத்தடையிலயும் சீட்டை விட்டு எழுப்பி உக்கார வைக்குது. நான் 58 கிலோ. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிற ப்ரீலோட் வளையத்தை முழுசா தளர்த்தியாச்சு. ரீபவுண்டைத் திறந்து விட்டா சரியாயிடுமா?

இன்னொண்ணு, சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப மாட்டேங்குது. ஸ்டாண்ட் வளைஞ்சிருச்சோ?

ரெண்டாம்கியர்:

போல்ட் ஏறிடுச்சுன்னா முடிஞ்சுது ப்ரோ. ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டுங்க, ஸ்பிரிங் பழகிடும்.

கறுப்பு கிரீஸ்:

ஸ்பிரிங் பழகாது, உங்க இடுப்புதான் பழகும்.

மண்சாலை, மூணு அளவு சொல்லுங்க. பின் சக்கரத்தை அந்தரத்துல தூக்கி, ஆக்ஸில்ல இருந்து நேர் மேல சீட்டுக்கடியில ஒரு புள்ளி வரைக்கும் அளங்க. வண்டியை இறக்கி அதன் சொந்த எடையில நிக்க வச்சு மறுபடி. அப்புறம் ஹெல்மெட்டோட நீங்க ஏறி உக்காந்து, வேற ஒருத்தரை அளக்கச் சொல்லுங்க. பழைய ஷாக்ல பின் சக்கரம் மொத்தம் எவ்வளவு மேலகீழ போச்சு, அந்தப் பெரிய வண்டியில எவ்வளவு போகும்னும் வேணும். ஸ்பிரிங் மேல ஏதாவது எண் போட்டிருக்கா?

மண்சாலை:

அந்தரத்துக்கும் சொந்த எடைக்கும் வித்தியாசம் 3 மி.மீ. நான் ஏறினா 25. என் சக்கரம் 125 போகும், அந்த வண்டிக்கு 150. ஸ்பிரிங்ல 110னு இருக்கு.

கறுப்பு கிரீஸ்:

விஷயம் வெளிய வந்துடுச்சு. சக்கரம் 125 போறப்ப ஷாக் 50 அமுங்குது, அப்ப உங்க லிங்கேஜ் (சக்கரத்தையும் ஷாக்கையும் இணைக்கிற நெம்பு அமைப்பு) விகிதம் 2.5. அந்த வண்டியில 150-க்கு 50, அதாவது 3. பார்க்க அரைப் புள்ளிதான். ஆனா சக்கரத்துக்குப் போய்ச் சேர்ற விறைப்பைக் கணக்குப் போட ஸ்பிரிங்கை இந்த விகிதத்தோட வர்க்கத்தால வகுக்கணும். உங்க ஸ்பிரிங்ல இருக்கிற 110, ஒரு மி.மீ. அமுக்க எத்தனை நியூட்டன் வேணும்ங்கிற கணக்கு. அதை 9 ஆல வகுத்தா அங்க 12.2. உங்க வண்டியில 6.25 ஆல வகுத்தா 17.6. அதே ஷாக், அதே ஸ்பிரிங், 44 சதவீதம் விறைப்பு கூடிப் போச்சு. டேம்பிங்குக்கும் (ஆட்டத்தை அடக்குற எண்ணெய்த் தடை) இதே வர்க்கக் கணக்குதான்.

ஆள் ஏறினதும் சக்கரப் பயணத்துல 30 சதவீதம் பக்கம் இறங்கணும். உங்களுக்கு 37, 38 வரணும், 25தான் வருது. தம்பி ஏறினதும் அந்தக் குறை தீர்ந்துடுது, அதான் சொகுசு. ரீபவுண்டைத் திறந்தா சக்கரம் சீக்கிரம் திரும்பி வரும், ஸ்பிரிங் இளகாது. முழுசா திறந்துட்டு வளைவுல போய்ப் பார்த்துடாதீங்க, பின்பக்கம் ஊஞ்சலாடும். நான் ஆடியிருக்கேன்.

வழி ஒண்ணுதான். அதே ஷாக்குக்கு 85 பக்கம் ஒரு ஸ்பிரிங். உள்விட்டமும் நீளமும் ஒத்து வரணும். அமுக்கிக் கழட்டுற கருவி இல்லாம கை வைக்காதீங்க. உள்ள நைட்ரஜன் அழுத்தத்துல இருக்கு, அதை வீட்டுல திறக்கவே கூடாது.

ஸ்டாண்ட் வளையல. ஷாக் 8 மி.மீ. நீளம், பெருக்கல் 2.5. சக்கரம் 20 மி.மீ. கீழ தொங்குது.

கிளட்ச்கேபிள்:

அந்த 20 மி.மீ.யை லேசா விடாதீங்க. முழுசா அமுங்கினா பழசு 260, இது 268. அதனால டயர் மட்கார்டுல இடிக்காது, அந்தப் பயம் வேண்டாம். ஆபத்து கீழ்ப்பக்கம். ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கை) கூடுதலா சரியறதால, அது மேல இருக்கிற ரப்பர் ஸ்லைடரை செயின் அறுக்கும். சக்கரத்தை அந்தரத்துல விட்டு கையால சுத்திப் பாருங்க. செயின் தொய்வையும் புதுசா வைக்கணும்: முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட் (அது ஆடுற அச்சு), பின் ஆக்ஸில் மூணும் ஒரே கோட்டுல வர்ற இடத்துலதான் செயின் ரொம்ப இறுகும். அங்க கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்கணும். 

பின்பக்கம் தூக்கினதுல ஹேண்டில் வேற சுறுசுறுப்பாகியிருக்கும், 1,400 மி.மீ. வீல்பேஸுக்கு (ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல உள்ள தூரம்) முன் ஃபோர்க் 0.8 டிகிரி செங்குத்தாகுது. ஃபோர்க் குழாய் மேல் கிளாம்புக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்தா கொஞ்சம் கீழ இறக்கிப் பாருங்க.

மாத்தறதே தப்புன்னு சொல்லல. சுஸுகி எஸ்வி650 பைக்ல அதே கம்பெனியோட ஜிஎஸ்எக்ஸ்-ஆர் ஸ்போர்ட்ஸ் பைக் ஷாக் போடுறது ரொம்ப நாளா நடக்குறதுதான். அவங்களும் அளந்துட்டுத்தான் போடுறாங்க.

மண்சாலை:

இப்பத்தான் சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பார்த்தேன். ஸ்லைடர்ல ரெண்டு கோடு, ஒண்ணு பாதி ஆழத்துக்கு இறங்கியிருக்கு. மாட்டி 9 நாள்தான் ஆச்சு. பழைய ஷாக்குக்கு எண்ணெயும் சீலும் மாத்தித் தரச் சொல்லியிருக்கேன், அதுவரைக்கும் வண்டி ஸ்டாண்ட்ல. பெரிய ஷாக்கைக் கழட்டி 85 ஸ்பிரிங் தேடுறேன். உள்விட்டம் எந்த முனையில அளக்கணும், மேலயா கீழயா?

கறுப்பு கிரீஸ்:

ரெண்டு முனையிலயும். சில ஸ்பிரிங்ல ரெண்டும் ஒண்ணா இருக்காது.