‘வன்பொருள் நுகர்வோர்’ பொருந்துமா?

தம்பி, லினக்ஸின் மையமான கேர்னலில் உணரிகளையும் மாற்றிகளையும் கையாளும் ஐஐஓ பகுதியில் வரும் ‘ஹார்ட்வெயார் கொன்சியூமர்’ என்பதை உங்கள் தமிழாக்கத்தில் நீங்கள் ‘வன்பொருள் நுகர்வோர்’ ஆக்கியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இதைக் கேட்பவருக்குக் கணினி வாங்கக் கடைக்கு வந்தவர் என்றுதான் விளங்கும். சொல்லை விட்டு முதலில் அது செய்யும் வேலையைப் பாருங்கள்.

எஸ்ரிஎம்32 வகைச் சில்லு சிலவற்றில் உள்ள டிஎஃப்எஸ்டிஎம் என்ற இலக்கமுறை வடிகட்டிக்கு வெளியே, மின்னழுத்தத்தைப் பிட்டுகளாக்கும் ஒரு சிக்மா-டெல்டா மாற்றி இருக்கும். அது அனுப்புவது மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒற்றை பிட் வரிசை. ஒவ்வொரு பிட்டையும் சிபியு ஏந்திக் கொடுப்பது நடக்காத காரியம். வடிகட்டாத பிட்டுக்குத் தனியே பொருளும் இல்லை. அதனால் கம்பி நேரே வடிகட்டிக்குள் போகிறது, நடுவில் தரவைத் தேக்கி வைக்கும் மென்பொருள் இடையகம் கிடையாது. தொட்டியில் நிரப்பாமல் பம்புத் தண்ணீரை நேரே வாய்க்காலுக்கு விடுவது போல.

ஒலிவாங்கி என்ற சொல் எங்களிடம் இருக்கிறதே. அந்த வழியில் ‘நேரடி வாங்கி’ என்றால் என்ன?

அண்ணை, வடிகட்டிக்கு ‘வாங்கி’ பொருந்தும். கேர்னலில் இந்தப் பெயரைத் தாங்கும் அமைப்புக்குப் பொருந்தாது. அதற்குள் தரவே வருவதில்லை. எந்தச் சாதனத்தின் எந்தச் சனல் (தரவு வழி) என்ற பட்டியல் இருக்கிறது. அவற்றை இயக்கவும் நிறுத்தவும் வழி இருக்கிறது, அவ்வளவுதான்.

எந்த வன்பொருள் எதனுடன் இணைந்திருக்கிறது என்று கேர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில், வடிகட்டியின் கீழ் ‘ஐஓ-சனல்ஸ்’ என்று மாற்றியைச் சுட்டுகிறோம். வடிகட்டியின் இயக்கி (அதை நடத்தும் மென்பொருள்) ஏறும்போது அந்தச் சனல்களைப் பிடித்து வைக்கிறது. மாற்றியின் இயக்கி அதுவரை ஏறாவிட்டால் -517 என்ற பிழை எண் திரும்பும். கேர்னல் பிறகு தானே மறுபடி முயலும், பயப்படத் தேவையில்லை. ஆனால் இயக்கும் நேரத்தில் -22 என்ற பிழை எண் வந்தால், தரவு மென்பொருளைத் தொடாமல் போகும் வன்பொருள் இடையக முறையை மாற்றியின் இயக்கி அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். அறிவிக்காவிட்டால் ஐஐஓ அதை ஏற்காது.

வரிசையும் முக்கியம். முதலில் மாற்றி, பிறகு வடிகட்டியும், சிபியு இல்லாமல் தரவை நினைவகத்துக்கு நகர்த்தும் டிஎம்ஏயும், கடைசியாக வடிகட்டியில் மாற்றம் (கொன்வெர்ஷன்) தொடங்கும். நிறுத்தும்போது மாற்றத்தை முதலில் நிறுத்தி, மாற்றியைக் கடைசியில் விட வேண்டும்.

இவ்வளவும் இரண்டு சாதனங்களைத் தொடுக்கும் வேலை. தொடர்த் தொடுப்பு, சமாந்தரத் தொடுப்பு என்று எங்கள் பாடசாலைப் பௌதிகத்தில் படித்த சொல்லே கையில் இருக்கிறது. ‘நேர்த்தொடுப்பு’ என்றால் நேர்மின் என்று மயங்கலாம்; ஆகவே ‘நேரடித் தொடுப்பு’.

சரி தம்பி. அமைப்புக்கு ‘நேரடித் தொடுப்பு’, பெறும் சாதனத்துக்கு மட்டும் ‘வாங்கி’. தரும் சாதனத்துக்கு ‘வழங்கி’ வேண்டாம், அது சேர்வருக்கு ஏற்கெனவே போய்விட்டது. ‘தரவூட்டி’ என்று போடுங்கள்.