அந்த உறைக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை

தொடங்கியவர்:

அநீதியைப் பார்த்துக் கைப்பேசியை எடுத்தவர்கள், அதைச் செய்தியாக்கியவர்கள், செய்தியில் அகப்பட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். 4 வருடங்களாக மனத்தில் கிடந்து அறுக்கிறது.

ஓர் அரசு அலுவலகம். உதவித்தொகைப் பிரிவு முதல் மாடியில் இருந்தது, லிப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்மணி, 50 வயது இருக்கும், படிக்கட்டின் அடியில் காத்திருந்தார். நேரில் வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேலேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் இரண்டு இளைஞர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒருவர் அக்குளுக்குள் கைகொடுத்துப் பிடித்திருந்தார், மற்றவர் முழங்காலுக்குக் கீழே. படி திரும்பும் இடத்தில் உடை விலகியது. ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதை அவர் விடவே இல்லை. 40 விநாடிகள் வீடியோ எடுத்தேன்.

அன்றிரவே ஏற்றினேன். விடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்திருந்தார்கள். தொலைக்காட்சியிலும் வந்தது. ஒரே மாதத்தில் அந்தப் பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள்.

மகிழ்ச்சியோடு அவரைத் தேடிப் போனேன். உட்காரச் சொன்னார். "நல்லதுதான் நடந்திருக்கிறது தம்பி. ஆனால் என்னை மூட்டைபோலத் தூக்கிக்கொண்டு போனதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நான் இத்தனை நாள் பேசியதை யார் கேட்டார்கள்?" என்றார். பிறகு அந்த உறையைத் திறந்தார். 2 வருடங்களில் கொடுத்த 3 மனுக்களின் நகல்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது, 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில். அந்தப் பிரிவைக் கீழே கொண்டுவரச் சொல்லி அவர்தான் எழுதியிருக்கிறார், தன்னைப் போன்ற வேறு 7 பேரின் கையெழுத்தையும் வாங்கிச் சேர்த்து.

போராடிக்கொண்டிருந்த ஒருவரை நான் பரிதாபத்துக்குரியவராக்கிவிட்டேன். எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த உறையைத்தான் முதலில் காட்டியிருப்பார். வீடியோவை நீக்கிவிட்டேன். என் பக்கத்திலிருந்து மட்டும்தான் நீங்கியது.

நாளிதழில் இருந்தவர்:

நான் 18 ஆண்டுகள் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராக இருந்தேன். நீங்கள் படத்தால் செய்ததை நான் தலைப்பால் செய்தேன்.

இரவு 11 மணிக்கு நிருபர் தொலைபேசியில் செய்தி கொடுத்தார். ஒரு தரப்பினர் இன்னொரு தரப்பினரின் குடியிருப்புக்குள் புகுந்து அடித்திருக்கிறார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 6 பேரும் அடிபட்ட பக்கத்தவர்கள். நான் போட்ட தலைப்பு: 'இரு பிரிவினரிடையே மோதல்'. யோசித்துப் போட்டதில்லை, கை தானாகப் போட்டது. அப்படித்தான் பழகியிருந்தோம். அந்த மூன்று சொற்களில் அடித்தவனும் இல்லை, அடிபட்டவனும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். நாளிதழை நான்காக மடித்து, அந்தச் செய்தி மட்டும் மேலே தெரியும்படி வைத்திருந்தார். "ஐயா, நாங்கள் எங்கே மோதினோம்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. என்னிடம் பதில் இல்லை.

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர்களின் பிடியில் இறந்தபோது காவல்துறையின் முதல் அறிக்கை, அவர் உடல்நலம் பாதிக்கப்பட்டு இறந்தார் என்ற தொனியில்தான் இருந்தது. அவர் கழுத்தில் ஏறிய காவலரின் முழங்கால் அதில் இல்லை. 17 வயது டார்னெல்லா பிரேசியர் கைப்பேசியில் எடுத்துப் பதிவேற்றிய பிறகுதான் உலகம் அதைப் பார்த்தது. மறுஆண்டு அந்தக் காவலர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. என்னைப் போன்றவர்கள் எழுதிய தலைப்புகளோடு மட்டும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒடுக்கப்பட்டோரின் குரலாக அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும், அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' இதழையும் தொடங்கியது ஏன் என்று அந்தப் பெரியவர் வந்துபோன பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் கதையை நாமே எழுதாவிட்டால் அடுத்தவர் அதற்கு 'மோதல்' என்று பெயர் வைத்துவிடுவார்.

ஓர் அக்கா:

என் தம்பிக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாக எழுதத் தெம்பில்லை. ஒரு முதியவரை யாரோ தாக்கும் வீடியோ பரவியது. தாக்கியவன் சாயலில் என் தம்பி இருந்தான், அவ்வளவுதான். அவன் படம், வேலை பார்க்கும் இடம், எங்கள் அம்மாவின் தொலைபேசி எண் எல்லாம் வெளியே வந்தன. மூன்று நாட்கள் அம்மா தொலைபேசியைக் கையால் தொடவில்லை. அவன் இல்லை என்று தெரிந்ததும் ஒருவர் வருத்தம் தெரிவித்து எழுதினார். அதை ஒன்பது பேர் பகிர்ந்தார்கள்.

2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின்போதும், காணாமல்போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று இணையம் முடிவுகட்டியது. அவருக்கும் அந்தக் குண்டுவெடிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தார். அவர் வீட்டிலும் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்திருக்குமே என்றுதான் எனக்குத் தோன்றியது. நீதி கேட்டு எழுதுகிறவர்கள் தயவுசெய்து ஒரு நாள் பொறுத்து எழுதுங்கள்.

தொடங்கியவர்:

அக்கா, உங்கள் அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு இனிப் படமே எடுக்க வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1955இல் அமெரிக்காவில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளை இனவெறியர்கள் சிதைத்துக் கொன்றார்கள். அவன் தாய் மேமி டில் சவப்பெட்டியை மூட மறுத்துவிட்டார். மகனின் முகத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்றார். கறுப்பின மக்களுக்கான ஜெட் இதழ் அந்தப் படத்தை வெளியிட்டது. குற்றம்சாட்டப்பட்ட இருவரையும் நீதிமன்றம் விடுவித்தது, ஆனால் அந்தப் படம் ஒரு தலைமுறையையே போராட்டத்துக்கு எழுப்பியது. காட்டுவது என்பது அந்தத் தாயின் முடிவு. என் வீடியோவில் அந்த முடிவை நான் எடுத்தேன். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

போன மாதம் அந்தப் பெண்மணியே அழைத்தார். இன்னோர் அலுவலகத்தில் இதே பிரச்சினையாம். இம்முறை அவர் வீட்டு மேசை முன்னால் கேமராவை வைத்தோம். எங்கே உட்கார வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது எல்லாம் அவர் முடிவு. 6 நிமிடங்கள் பேசினார். இதுவரை 200 பேர்கூடப் பார்க்கவில்லை, ஆனால் அந்த அலுவலகத்திலிருந்து பேச வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.

முதல் ஒன்றரை நிமிடம் அவர் வாய் திறக்கவில்லை. உறையிலிருந்து ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தேதிவாரியாக மேசையில் அடுக்குகிறார். பார்ப்பவர்கள் பாதியில் போய்விடுவார்கள், அதை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.