சுவிசுக்குப் புதிதாக வந்த வன்னிப் பிள்ளைகளே, மருத்துவக் காப்புறுதியில் மிஞ்சுகிற அந்த 1540 பிராங்கை ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள்

லீவில் பரந்தனுக்கு வந்து இன்றைக்கு எட்டாம் நாள். காலையில் அம்மாவைப் பிரஷர் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்தரைக்கே போய் நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து இருந்து நாரி விட்டுப்போய், பதினொன்றரைக்கு டொக்டர் கொப்பியில் இரண்டு வரி எழுதித் தர, குளிசையை வாங்கிக்கொண்டு திரும்பினோம். ஓட்டோக் காசைத் தவிர ஒரு சதம் செலவில்லை. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், மாசி மாதம் சுவிசுக்குப் போன பக்கத்து வளவுத் தம்பியின் குரல்: "அண்ணை, மருத்துவக் காப்புறுதிக்கு மாதாமாதம் இவ்வளவு கட்டுறன், பிறகேன் டொக்டரின்ர பில்லும் எனக்கே வருது? ஏமாத்துறாங்களோ?"

ஏமாற்றவில்லை தம்பி. பதினொரு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் கேட்டேன். நாங்கள் இலவச ஆஸ்பத்திரியில் வளர்ந்த ஆக்கள், காப்புறுதிக்குக் காசு கட்டினால் மற்றதெல்லாம் சும்மா கிடைக்கும் என்றுதான் மனம் நினைக்கும்.

அங்கே கணக்கு வேறு. மாதக் கட்டணம் ஒன்று. அதுக்கு மேலே பிரான்ஷீஸ், அதாவது வருடத்தில் முதலில் உங்கள் கையிலிருந்து போகிற தொகை. பெரியவர்களுக்கு 300-இலிருந்து 2500 பிராங் வரை நீங்களே தெரிவு செய்யலாம். அது முடிந்த பிறகும் ஒவ்வொரு பில்லிலும் பத்து வீதம் உங்களுடையது, வருடத்துக்கு 700 பிராங் வரை. ஆக 300 எடுத்தவர் வருத்தம் வந்த வருடத்தில் கட்டக்கூடியது 1000, 2500 எடுத்தவர் 3200. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 15 பிராங் வேறு.

புதிதாக வருகிற பெடியள் எல்லாரும் 2500 எடுப்பார்கள், மாதக் கட்டணம் குறைவு என்று. எவ்வளவு குறையும்? 300 எடுத்தவரோடு பார்த்தால் வருடத்துக்கு ஆகக்கூடியது 1540 பிராங். வருத்தம் வந்தால் கூடக் கட்டுவது 2200. கழித்துப் பார்த்தால் ஆக மோசமான வருடத்திலும் நட்டம் 660தான். அப்படியென்றால் 2500 நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான், அந்த 1540 கையில் இருந்தால். எங்களிடம் இருக்காது. எனக்கு அது கிணற்று மோட்டராகவும் தங்கச்சியின் சீட்டுக் காசாகவும் ஊருக்கு வந்துவிட்டது. இப்போது முற்றத்தில் இருந்து எழுதும்போது அந்த மோட்டர்தான் இறைக்கிற சத்தம் கேட்கிறது, குறை சொல்லவும் மனம் வரவில்லை.

இரண்டாம் வருடம் பித்தப்பையில் கல்லு. டொக்டரிடம் போனால் முழுக்காசும் நான்தான் கட்டவேண்டும் என்று மூன்று கிழமை பனடோலும் இஞ்சித் தேத்தண்ணியுமாக இழுத்து, கடைசியில் வேலை செய்த குசினியிலேயே விழுந்து அம்புலன்ஸில் போனேன். அம்புலன்ஸ் காசில் பாதியைத்தான் அடிப்படைக் காப்புறுதி, அதாவது எல்லாரும் கட்டாயம் எடுக்கவேண்டியது, ஏற்கும், அதுக்கும் ஒரு எல்லை உண்டு. எல்லாப் பில்லும் வந்து சேர்ந்தபோது வங்கியில் 400 பிராங் இல்லை. வெட்கத்தை விட்டுப் போன் எடுத்துத் தவணை கேட்டேன், தந்தார்கள். கடிதத்தைத் திறக்காமல் லாச்சியில் போட்டு வைத்த என் நண்பனுக்குக் கடன் அறவிடும் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது, அந்தப் பதிவு இருந்தால் வாடகை வீடு எடுப்பதே பாடு.

போய்ப் பதிந்து மூன்று மாதத்துக்குள் காப்புறுதியில் சேரவேண்டும். கடைசி மாதம் சேர்ந்தால் இரண்டு மாதம் லாபம் என்று நினைக்காதீர்கள், இறங்கிய நாளிலிருந்தே கணக்குப் பார்த்து எடுப்பார்கள். அடிப்படைக் காப்புறுதியில் எந்தக் கம்பனியும் உங்களை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சட்டப்படி தருவதும் எல்லா இடமும் ஒன்றுதான். ஆகவே மலிவானதைப் பாருங்கள், அரசாங்கத்தின் பிரிமின்ஃபோ தளத்தில் ஒப்பிடலாம். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே மேலதிகக் காப்புறுதிக்குக் கையெழுத்து வாங்குகிற எங்கடை ஏஜென்ட்மாரிடம் அவசரப்பட வேண்டாம். கிழமைக்கு எட்டு மணித்தியாலமோ அதுக்கு மேலோ ஒரே முதலாளியிடம் வேலை செய்தால் விபத்துக் காப்புறுதி வேலையிடத்தாலேயே வரும், கிராங்கன்காஸில், அதாவது உங்கள் மருத்துவக் காப்புறுதிக் கம்பனியில், அதை எடுத்துவிடச் சொல்லுங்கள், கொஞ்சம் குறையும். சம்பளம் குறைவென்றால் உங்கள் கன்டோனில் (மாநிலத்தில்) கட்டணக் குறைப்பு கேளுங்கள். சில கன்டோனில் தானாக வரும், சிலதில் விண்ணப்பிக்காவிட்டால் ஒரு சதமும் வராது.

கட்டணமோ ஏறிக்கொண்டே போகிறது. சராசரியாக 2024-இல் 8.7 வீதம், 2025-இல் 6 வீதம், 2026-க்கு 4.4 வீதம். வருமானத்தில் பத்து வீதத்துக்கு மேல் யாரும் கட்டக்கூடாது என்ற யோசனை 2024 யூன் 9 வாக்கெடுப்பில் தோற்றுப்போனது. வாக்குரிமை உள்ள எங்கடை ஆக்கள் எத்தனை பேர் போய்ப் போட்டார்களோ தெரியாது. ஒக்டோபர் கடைசிக்குள் புதுக் கட்டணக் கடிதம் வரும், மாறுவதென்றால் விலகல் கடிதம் நவம்பர் 30-க்குள் பழைய கம்பனியின் கையில் கிடைக்கவேண்டும். அன்றைக்குத் தபாலில் போட்டால் சரிவராது, பதிவுத் தபாலில் முன்னமே அனுப்புங்கள்.

இன்னொன்று. மனைவியின் தோள்மூட்டுக்கு பிசியோ போய்க்கொண்டிருந்தபோது, 36 தடவை முடிந்ததும் இனிக் காசு தர ஏலாது என்று காப்புறுதிக் கம்பனியிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. அவள் அழுதுவிட்டு விடப்பார்த்தாள். 36-க்குப் பிறகு டொக்டரின் விளக்கக் கடிதம் போகவேண்டும் என்பது விதி, அது போகவே இல்லை, அவ்வளவுதான் விசயம். டொக்டரிடம் எழுதி வாங்கினோம். கூடவே, மறுப்பதென்றால் முறையான தீர்மானமாக எழுதித் தாருங்கள் என்று கேட்டோம். அந்தத் தீர்மானத்துக்கு அங்கே ஃபெர்ஃபூகுங் என்று பெயர், அது வந்தால் முப்பது நாளுக்குள் ஆட்சேபிக்கலாம், அதுக்குக் கட்டணம் இல்லை. எங்களுக்கு அது வரைக்கும் போகவில்லை, மூன்றாம் கிழமை ஒத்துக்கொண்டு கடிதம் போட்டார்கள்.

தம்பி, நீ 2500தான் எடுத்திருப்பாய். பரவாயில்லை, இந்த வருடம் அப்படியே இருக்கட்டும். இன்றைக்கே வேறு ஒரு கணக்குத் திறந்து, அந்த 1540-ஐப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 128 பிராங் அதிலே போடு, அம்மா கேட்டாலும் அதில் தொடாதே. கொம்மாவுக்கு நான் பின்னேரம் போய் விளங்கப்படுத்துகிறேன். பில்லைப் படமெடுத்து அனுப்பு, இரண்டு பக்கமும்.