கிரான்டாப்பில் 45 நிமிட பிரேக் நினைவூட்டல்: பெட்டியே வரவில்லை

கேள்வி:
உபுண்டுவில் 45 நிமிடத்துக்கு ஒருமுறை "எழுந்து நட" என்று காட்ட, ஒரே ஒரு நோட்டிஃபை-சென்ட் (திரையில் அறிவிப்புப் பெட்டி காட்டும் கட்டளை) வரியை ஸ்கிரிப்டாக எழுதி, கிரான்டாப்பின் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானின் பட்டியல்) நிமிடக் கட்டத்தில் */45 போட்டிருக்கிறேன். டெர்மினலில் ஓட்டினால் பெட்டி வருகிறது, கிரானில் வரவில்லை. லாக்கில் ஓடியதாகத்தான் இருக்கிறது, அதுவும் 10:00, 10:45, 11:00 என்று. எங்கே தப்பு?

பதில் 1:
இரண்டு இடத்தில். கிரானுக்கு உங்கள் டெஸ்க்டாப் செஷன் எதுவென்றே தெரியாது, அதனால் செய்தி போய்ச் சேர இடமில்லை. ஸ்கிரிப்டின் தலையில் டீபஸ் செஷன் பஸ் அட்ரஸ் (அறிவிப்புகள் உங்கள் டெஸ்க்டாப்புக்குப் போகும் வழியின் முகவரி) மாறியை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. மதிப்பு யுனிக்ஸ்:பாத்=/ரன்/யூசர்/1000/பஸ். 1000 என்பது யூசர் எண். ஐடி -யூ அடித்துச் சரிபாருங்க.

அடுத்தது, */45 என்றால் 45 நிமிட இடைவெளி கிடையாது. ஒவ்வொரு மணியிலும் 0-விலிருந்து எண்ணும். 0, 45 மட்டும் சிக்கும். 15, 20, 30 மாதிரி 60-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

பதில் 2:
இதுக்கு கிரானே வேண்டாம், சிஸ்டம்டி (உபுண்டுவில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் நிரல்) தரும் யூசர் டைமர் போதும். ஹோமில் .கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் ஃபோல்டருக்குள் பிரேக்.சர்வீஸ், பிரேக்.டைமர் என இரண்டு ஃபைல். டைமரில் ஆன்ஸ்டார்ட்அப்செக் (முதல் முறை எப்போது), ஆன்யூனிட்ஆக்டிவ்செக் (அதன்பின் எவ்வளவு இடைவெளி) இரண்டுக்கும் 45மின். சர்வீஸ் டைப் ஒன்ஷாட், அதாவது ஒருமுறை ஓடி முடிவது. அதில் ரிமெயின்ஆஃப்டர்எக்ஸிட் மட்டும் போட்டுடாதீங்க. சர்வீஸ் ஆக்டிவாகவே நிற்கும், பெட்டி ஒருமுறை வந்ததோடு சரி.

கேள்வி கேட்டவர்:
டைமர் வேலை செய்கிறது, நன்றி. ஆனால் ரீபூட் பண்ணினால் காணாமல் போகிறது.

பதில் 2:
ஸ்டார்ட் மட்டும் கொடுத்திருப்பீங்க. டைமரில் இன்ஸ்டால் பகுதி எழுதி, வான்டட்பை=டைமர்ஸ்.டார்கெட் சேர்த்து, சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நவ் பிரேக்.டைமர் கொடுங்க. --யூசர் விட்டுப்போனால் யூனிட்டே இல்லை என்று சொல்லும்.

பதில் 3:
நோட்டிஃபை-சென்டில் -யூ கிரிட்டிக்கல் சேருங்க. க்னோமில் (உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டாப்) நீங்க மூடும்வரை பெட்டி போகாது. சும்மா வந்தால் சில நொடியில் மறைந்துவிடும், வேலை மும்முரத்தில் கண்ணிலேயே படாது.

ஆள் சீட்டில் இல்லாதபோது கத்தாமலிருக்க எக்ஸ்பிரின்ட்ஐடில் (கடைசியாகத் தொட்டு எவ்வளவு நேரமாச்சு என்று சொல்லும் கட்டளை) பாருங்க. அது தரும் எண் மில்லிசெகண்ட். 300000-ஐத் தாண்டினால், அதாவது 5 நிமிடம் கீபோர்டு மவுஸ் தொடவில்லை என்றால், ஸ்கிரிப்டை எக்ஸிட் பண்ணிடலாம். லினக்ஸில் திரையைக் காட்டும் முறை இரண்டு: எக்ஸ்11, வேலேண்ட். இது எக்ஸ்11-க்கு மட்டும். வேலேண்டில் அந்த எண்ணை நம்பாதீங்க.

இன்னொன்று: 45 நிமிடம் முதுகுக்குச் சரி, கண்ணுக்குப் போதாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பார்க்கச் சொல்வாங்க. அதுக்கு இன்னொரு டைமர், அதில் கிரிட்டிக்கல் வேண்டாம்.