புதுப்பிப்பு: கான்ஜூரிங் 2, இரண்டாம் தடவை பார்த்த பிறகு

போன வாரம் 'தி கான்ஜூரிங் 2' (2016) பேய்ப்படத்தைப் பற்றி எழுதியபோது, முதல் பாகத்தின் கால்தூசுக்கு வராது என்று அடித்துவிட்டேன். நேற்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

காரணம் ஒரே காட்சி. பேய் பிடித்த சிறுமி ஜேனட்டுக்கு முதுகைக் காட்டியபடி, பேய்களை ஆராயும் எட் வாரன் உட்கார்ந்திருப்பார். பின்னால் அவள் மங்கலாக, ஃபோகஸ் இல்லாமல் தெரிவாள். அவள் வாயிலிருந்து கிழவன் குரல் பேசப் பேச அந்த உருவம் மெல்ல மாறுகிறது. கேமரா நகர்ந்து காட்டிக்கொடுப்பதே இல்லை. இயக்குநர் ஜேம்ஸ் வான் இங்கே சத்தம் போட்டுப் பயமுறுத்தவில்லை. நானாகத்தான் கண்ணைச் சுருக்கிப் பார்த்து மாட்டிக்கொண்டேன்!

அப்புறம் படத்தில் வரும் இன்னொரு பேய், அந்தக் கோணல் மனிதன் (Crooked Man). வெறும் கிராஃபிக்ஸ் என்று திட்டியிருந்தேன். ஹாவியர் போட்டெட் என்ற நடிகர் நடித்தது என்று சிலர் திருத்தினார்கள். சரி, தப்பு என்னுடையதுதான். ஆனாலும் திரையில் கார்ட்டூன் மாதிரிதான் இருக்கிறது, அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இரண்டேகால் மணி நேர நீளமும் அப்படியே உறுத்துகிறது. அவ்வளவு இழுத்துவிட்டு, கடைசியில் பெயரைச் சொன்னதும் பேய் போய்விடுகிறது. அவ்வளவுதானா?