டெக் அமுங்குகிறது, பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் போதுமா?

நீலப்பாய்:
வணக்கம். பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன், 26 அடி, ஃபைபர்கிளாஸ். உடல் பகுதி உறுதியாக இருக்கிறது, மேல்தளமான டெக்தான் பாடாய்ப் படுத்துகிறது. ஓரத்துத் தடுப்புக் கம்பியைத் தாங்கும் ஸ்டான்ஷன் தூண்களின் அடியைச் சுற்றி ஜெல்கோட்டில் (ஃபைபர் மேலுள்ள பளபளப்பான மேல்பூச்சு) நட்சத்திரம் நட்சத்திரமாக விரிசல். பாய்மரத்துக்கு முன்னால் ஓரிடத்தில் கால் வைத்தால் லேசாக அமுங்குகிறது, பக்கத்துத் திருகைக் கழற்றினால் டீத்தண்ணீர் நிறத்தில் நீர் கசிகிறது. பழைய பெயின்ட் வேறு பொரிந்து உரிகிறது. பாலியெஸ்டர் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, இரண்டு கோட் அடித்துவிடலாம் என்பது என் கணக்கு. அமுங்கும் இடத்தில் சின்னத் துளைகள் போட்டு ரெசினை (இறுகிப் பிடிக்கும் பிசின்) ஊசியால் ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். உண்மையா?

கடற்காகம்:
பெயின்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த டீத்தண்ணீர்தான் விஷயமே. இந்த மாதிரிப் படகுகளில் டெக் பெரும்பாலும் ஒரே தகடாக இருக்காது, மேலே ஓர் ஃபைபர் அடுக்கு, கீழே ஒன்று, நடுவில் பால்சா என்ற லேசான மரமோ பிளைவுட்டோ ஃபோமோ. மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் வரைதான் விறைப்பு. பழுப்பு நீர் வருகிறது என்றால் உங்களுடையதில் நடுவே இருப்பது மரம், அது ஊறி மக்க ஆரம்பித்துவிட்டது. ஊறிய மரத்தில் ரெசின் பிடிக்காது. எவ்வளவு ஏற்றினாலும் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதுதான் மிச்சம்.

பிளாஸ்டிக் சுத்தியலால் டெக் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் டக் டக்கென்று கணீரெனக் கேட்கும், கெட்டது தொப்பென்று. பென்சிலால் எல்லை வரையுங்கள், காலுக்குத் தெரிந்ததைவிட அது பெரிதாகத்தான் வரும். அப்புறம் ரம்பத்தின் ஆழத்தைக் குறைத்து வைத்து மேல் அடுக்கை மட்டும் வெட்டி எடுங்கள், கீழ் அடுக்கையும் அறுத்துவிட்டால் வேலை இரட்டிப்பு. எடுத்த தகட்டை எறிய வேண்டாம், திரும்ப ஒட்டலாம். மக்கியதை உளியால் சுரண்டிக்கொண்டே போய், காய்ந்த வெளிறிய கட்டை தென்படும் இடத்தில் நிறுத்தி, நன்றாக உலரவிட்டு, அதே தடிமனில் இழை நெட்டுக்குத்தாக நிற்கும் புது பால்சாவைக் கெட்டியாக்கிய எபாக்ஸி ரெசினில் பதித்துப் பாரம் வையுங்கள்.

வெட்டிய கோட்டின் இரு பக்கமும் சரிவாகத் தேய்ப்பதில் கஞ்சத்தனம் கூடாது. 12க்கு 1 என்பது வழக்கமான கணக்கு, அதாவது மேல் அடுக்கு 3 மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. புது ஃபைபர் துணி அந்தச் சரிவில்தான் பிடித்து நிற்கும். தூசிக்கு நல்ல முகமூடி, முழுக்கைச் சட்டை. அரிப்பு எடுத்தால் தூக்கம் போய்விடும்.

துடுப்பு:
ஊசி முறையை அடியோடு தள்ள வேண்டாம். தொப்பென்று கேட்கும் இடத்தில் துளையிட்டு, வரும் தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் ஒட்டு மட்டும்தான் விட்டிருக்கிறது, அங்கே ஊசி வேலை செய்யும். உருண்டை பிடித்தால் ஈரம், வெட்டத்தான் வேண்டும். உங்கள் கதை இரண்டாவதுதான்.

எபாக்ஸியில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் விளையாட்டு கிடையாது, அளவு தப்பினால் கடைசி வரை பிசுபிசுக்கும். ஒரே டப்பாவில் நிறையக் கலந்து வைத்தால் சூடேறிப் புகையும், அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். இறுகிய பிறகு பல வகைகளில் மேலே மெழுகு போல ஒரு வழவழப்பு படியும். தண்ணீர் விட்டு நாரால் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாளைக் கையில் எடுங்கள்.

நீலப்பாய்:
சரி, வெட்டத்தான் போகிறேன். வாங்கி வைத்த பாலியெஸ்டர் பட்டியை இதன் மேல் போடலாமா? கடைசியில் ஜெல்கோட்டே பூசிவிட்டால்?

துடுப்பு:
பாலியெஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், எபாக்ஸி மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது. ஜெல்கோட்டும் அதே இனம்தான். பெயின்டுக்கே போங்கள், எப்படியும் எபாக்ஸி வெயில் தாங்காது, மூடித்தான் ஆக வேண்டும்.

வண்ணக்கலயம்:
பெயின்ட் அடிக்கும் முன் மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பான் போட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு தேயுங்கள். முதலில் தேய்த்தால் அந்தப் பிசுக்கைக் கீறலுக்குள் நாமே திணித்துவிடுவோம். 80ஆம் எண் உப்புத்தாளில் ஆரம்பித்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, 220, 320 என்று நைசான தாளுக்குப் போகலாம். மேலே இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட்தான் நீடிக்கும். ஸ்ப்ரே மட்டும் வீட்டில் வேண்டாம், அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லாமல் தொடக்கூடாது. ஒருவர் ரோலரில் உருட்டிப்போக, இன்னொருவர் பின்னாலேயே பிரஷ் நுனியால் நீவி வந்தால் போதும். வழுக்காமலிருக்க நடக்கும் இடத்தில் மட்டும் பெயின்டில் சொரசொரப்புத் துகள் கலந்து அடியுங்கள், ஓரங்களில் வழவழப்பான பட்டை விட்டால் தண்ணீர் தேங்காது, பார்க்கவும் அழகு. அடர் நிறம் வேண்டவே வேண்டாம், வெயிலில் கால் வைக்க முடியாது. மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் முழுதாகக் காயும் முன் உரித்துவிடுங்கள்.

கடற்காகம்:
ஸ்டான்ஷன் விட்டுப்போச்சு. தண்ணீர் பெரும்பாலும் அந்த போல்ட் துளைகள் வழியாகத்தான் இறங்கியிருக்கும், அதை அடைக்காமல் எதைச் செய்தாலும் வீண். 8 மி.மீ. போல்ட் என்றால் மேல் அடுக்கையும் மரத்தையும் 16 மி.மீ.க்கு அகலப்படுத்தி, கீழே டேப் ஒட்டி, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் 8 மி.மீ. துளை போடுங்கள். இனி சீலன்ட் விட்டுப்போனாலும் மரத்துக்கு நீர் போகாது. அடியில் அகலமான தாங்குதகடு வைக்காவிட்டால் தூண் ஆட ஆட நட்சத்திர விரிசல் திரும்ப வரும்.