மழைக்கு முன் மேட்டிலிருந்து மாடுகளை இறக்க வேண்டும், யோசனை சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து மேட்டில் 30 மாடுகள் மேய்கின்றன, கெடா-கிளந்தான் இனமும் அதன் கலப்பும். நவம்பர் மழை பிடித்தால் செம்மண் சாலை வழுக்கும், ஓடையும் ஏறிவிடும். அதற்குள் கீழ்ப்பட்டிக்குக் கொண்டுவர வேண்டும்.

பழகிய பசுக்களால் தொல்லை இல்லை. மாலை 5 மணிக்குப் பட்டி வாசலில் உப்புக்கட்டியும் செம்பனைப் புண்ணாக்கும் வைத்துத் தகரத்தைத் தட்டினால், மணி கட்டிய கிழட்டுப் பசு முன்னே வரும், மற்றவை தொடரும்.

உச்சியில் தங்கும் 8 இளங்காளைகள்தான் பிரச்சினை. சாலை வளைவு வரை இறங்கி, அங்கே சட்டென்று திரும்பி, வெட்டிப் போட்ட செம்பனை மட்டைக் குவியல்களுக்குள் பாய்கின்றன. தோளுக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்றால் மாடு முன்னே நடக்கும், நாம் தோளைத் தாண்டி முன்னே போனால் திரும்பும். ஆனால் படிவெட்டு (மரம் நடச் சரிவில் படிபோல் வெட்டிய தளம்) 4 மீட்டர் அகலம்கூட இல்லை, பக்கவாட்டில் எங்கே நிற்பது? நேர்ப் பின்னால் போனால் அதற்கு ஆள் தெரியாது; யார் என்று பார்க்கவே திரும்பிவிடுகிறது.

மேல்படியில் ஒருவர், கீழ்ப்படியில் ஒருவர் நடந்து ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை அடி பின்தங்க வேண்டும்? வளைவை அடைக்கப் பச்சை வலை தாங்குமா? மின்வேலி வேண்டாம், பழகாத மாடு ஓட்டத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும். நாய், மோட்டார் சைக்கிள் யோசனையும் வேண்டாம், கூட்டம் சிதறும்.

கழற்றி மாட்டும் இரும்புத் தடுப்பு ஆறேழு வாடகைக்குக் கிடைக்குமா? சிகாமாட், குளுவாங் வரை லோரி அனுப்பலாம்.